ஆளில்லாத அழகு
ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஒரு பகல் நேரப் பேருந்துப் பயணம்: ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலைகளும் தெரியாமல் போன ஊர்களும்

எடின்பரோவின் பழைய நகரத்தில் காலை எட்டு மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கின்றன. வாசலில் பெயர்ப் பட்டியலோடு ஒருவர். கட்டம்போட்ட கில்ட், முழங்கால் வரை கம்பளிக் காலுறை, இடுப்புக்கு முன்னால் தொங்கும் தோல் பை. எல்லோரையும் ஏற்றிவிட்டு அவரே ஓட்டுநர் இருக்கையில் போய் உட்கார்ந்து, கன்னத்தோரம் மைக்கை மாட்டிக்கொள்கிறார். அடுத்த பன்னிரண்டு மணி நேரத்துக்கு வண்டி ஓட்டுவதும் கதை சொல்வதும் அவர் பொறுப்பு.

பிள்ளைகளைப் பார்க்க லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ போகும் நம்மூர்ப் பெற்றோர்கள், ஸ்காட்லாந்துக்கு இரண்டு மூன்று நாள் ஒதுக்கினால் அதில் ஒருநாள் பெரும்பாலும் இந்தப் பேருந்தில்தான் கழியும். எடின்பரோவில் கிளம்பி ஸ்டிர்லிங், கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம் வழியாக நெஸ் ஏரி. அங்கிருந்து கிழக்குப் பக்கச் சாலையில் இறங்கி இரவு எட்டு மணி வாக்கில் மறுபடி எடின்பரோ. மொத்தம் சுமார் 560 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கோவைக்குப் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

திரும்பி வந்தவர்களைக் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆளே இல்லை.” உண்மைதான். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் நிர்வாகப் பகுதி, பரப்பில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அங்கே வசிப்பவர்கள் சுமார் 2.35 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் என்று கணக்கு வருகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் அதே இடத்தில் 555 பேர் இருக்கிறோம்.

குளிர், ஓயாத மழை, பயிர் ஏறாத பாறை என்று இதற்கு இயற்கையின் பக்கம் காரணங்கள் உண்டு. ஆனால் பாதிக் காரணம் மனிதர்கள் செய்தது. படை வந்தது, சட்டம் வந்தது, குத்தகைக் கணக்கு வந்தது, கடைசியில் ஆடு வந்தது. நாம் கேமராவைத் தூக்கிப் படம் பிடிக்கும் பல பள்ளத்தாக்குகள் ஒருகாலத்தில் புகை எழும்பிய ஊர்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அழகு குறைந்துவிடாது. பார்ப்பது என்ன என்பது கொஞ்சம் தெளிவாகும்.

கடிகாரத்தோடு ஓடும் வண்டி

இந்தப் பயணத்தின் முதல் எஜமானர் நேரம். பிரிட்டனில் இதுபோன்ற வண்டி ஓட்டுபவர், நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஓட்டும் நேரம் ஒன்பது மணிக்கு மேல் போகக்கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி வரை சலுகை. வண்டிக்குள் இருக்கும் கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்துகொண்டே இருக்கும். கேலண்டர் என்ற சிற்றூரில் காப்பிக்கு நிறுத்துவதும், ஏரிக்கரையில் மதியம் நெடுநேரம் விடுவதும், மாலையில் பிட்லாக்ரியில் கடைத்தெருவைச் சுற்றச் சொல்வதும் நமக்காக மட்டுமல்ல. அந்த இடைவெளிகள் சட்டம் கேட்பவை.

அதனால்தான் அறிவிப்புகள் கறாராக வரும். “இங்கே பதினைந்து நிமிடம்.” கிளென்கோ போன்ற இடத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தில் இறங்கி, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, படம் எடுத்து, ஏறிவிட வேண்டும். மலை ஏறுவதற்கோ ஓர் ஓடைப் பக்கம் போய் உட்காருவதற்கோ வழியில்லை. பயணத்தின் குறை இது. நிறையும் இதில்தான் இருக்கிறது. கால் நடக்காத தூரத்தைக் கதை நடந்து கடக்கிறது. எந்த மேட்டில் எந்தக் குலத்தார் இருந்தார்கள், எந்தப் பாலத்தில் யார் தோற்றார்கள் என்று ஓட்டுநர் சொல்லச் சொல்ல, வளைவு வந்ததும் அந்த இடம் கண்ணெதிரே வந்து நிற்கும். வாக்கியத்தையும் வளைவையும் ஒரே நேரத்தில் முடிக்கத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்.

ஜோக்குகளும் உண்டு. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் ஹாகிஸ் என்ற பண்டம், உண்மையில் மலைச்சரிவில் ஓடும் ஒரு பிராணி என்பார்கள். சரிவில் நேராக நிற்க வசதியாக அதற்கு ஒரு பக்கக் கால்கள் குட்டை என்பார்கள். நம்பித் தலையாட்டுபவர் ஒருவராவது வண்டியில் இருப்பார்.

ஒரு கவிஞர் திறந்த கதவு

ஸ்டிர்லிங் வரை தாழ்நிலம். கோட்டைப் பாறை, 1297இல் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயப் படையை முறியடித்த பாலத்தடி, எதிர்க் குன்றில் 67 மீட்டர் உயர நினைவுக் கோபுரம் எல்லாம் ஜன்னலோரம் ஓடி மறையும். கேலண்டரைத் தாண்டியதும் நிலம் சட்டென்று எழும்புகிறது. ஸ்காட்லாந்தைக் குறுக்கே வெட்டும் நிலப்பிளவு ஒன்று இங்கே செல்கிறது. அதன் தெற்கே வயலும் ஊரும், வடக்கே மலைநாடு.

பதினெட்டாம் நூற்றாண்டு வரை இந்த எல்லையைத் தாண்டி வேடிக்கை பார்க்கப் போனவர்கள் குறைவு. எடின்பரோவில் இருந்த படித்தவர்களுக்கே அது கரடுமுரடான, கேலிக் மொழி பேசும், ஆயுதம் தரித்த குலங்களின் நாடு. இந்த எண்ணத்தை மாற்றியதில் வால்டர் ஸ்காட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. கேலண்டருக்கு மேற்கே உள்ள கேட்ரின் ஏரியைக் களமாக வைத்து அவர் எழுதிய நெடுங்கவிதை ‘ஏரியின் பெண்’ 1810இல் வெளிவந்தது. அதைப் படித்தவர்கள் வண்டி பிடித்து ஏரியைத் தேடி வந்தார்கள். விடுதிகள் நிரம்பின. ஒரு புத்தகம் ஓர் ஊரைச் சுற்றுலாத் தலமாக்கியதற்கு இது ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. தாமஸ் குக் தன் முதல் ஸ்காட்லாந்துச் சுற்றுலாக் கூட்டத்தை 1846இல் அழைத்து வந்தார். இன்றைய எட்டு மணிப் பேருந்தின் முன்னோர் இவர்கள்தான்.

ஓட்டுநர் அணிந்திருக்கும் கில்டுக்கும் இதே கதையில் இடம் உண்டு. 1746 ஏப்ரல் 16 அன்று இன்வெர்னஸ் அருகே கலோடன் வெளியில், ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்டின் படை தோற்றது. அவருக்குத் துணை நின்ற மலைக்குலங்களை ஒடுக்க வந்த சட்டங்களில் ஒன்று, மலைநாட்டு உடையையே தடை செய்தது. அரசின் படைப்பிரிவுகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. தடை 1782இல் நீங்கியது. அடுத்த நாற்பதாவது ஆண்டில், 1822இல், மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருந்த அரசர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணில் கால் வைத்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவேற்பு முழுவதையும் திட்டமிட்டவர் அதே வால்டர் ஸ்காட். மன்னருக்கே கில்ட் அணிவித்தார்கள். முன்பு குற்றமாக இருந்த உடை, அரச விழாவின் அலங்காரமாகி, பிறகு நாட்டின் அடையாளமாகி, இன்று சுற்றுலா வழிகாட்டியின் சீருடையாகியிருக்கிறது.

மூரைக் கடந்து கிளென்கோவுக்கு

டின்ட்ரம் என்ற சிற்றூருக்கு மேலே சாலை ஏறி, ரன்னாக் மூர் என்னும் மேட்டுநிலத்தில் நுழைகிறது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் சதுப்பு. மரம் கிடையாது; வீடு கிடையாது. பழுப்புப் புல், நடுநடுவே கறுப்புத் தண்ணீர்க் குட்டைகள், உருண்டு கிடக்கும் பாறைகள். காலடியில் பீட் என்கிற, மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காய்ப் படிந்த தாவரச் சேறு. இதன்மேல் ரயில் பாதை போட வந்த பொறியாளர்களுக்கு அடியில் உறுதியான நிலம் அகப்படவில்லை. மரவேர், சுள்ளி, மண், சாம்பல் என்று கொட்டிக் கொட்டி ஒரு மெத்தை அமைத்து, அதன்மேல் தண்டவாளத்தை மிதக்கவிட்டார்கள். 1894இல் திறந்த அந்தப் பாதையில் இன்றும் ரயில் ஓடுகிறது.

மூர் முடியும் இடத்தில் புவாகில் எட்டிவ் மோர் மலை கூம்பாக எழுந்து நிற்கும். அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் சுவர்போல மலை நெருங்கி வர, பேருந்து கிளென்கோவுக்குள் இறங்குகிறது. ஏறத்தாழ 42 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்து உள்ளே சரிந்த எரிமலையின் மிச்சத்தைப் பனிப்பாறைகள் அரைத்துச் செதுக்கிய பள்ளத்தாக்கு இது. ‘மூன்று சகோதரிகள்’ என்று பெயர்பெற்ற முகடுகளுக்கு எதிரே வண்டி நிற்கும். ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்கைஃபால்’ இந்தப் பக்கம் எடுத்தது. ஹாரி பாட்டரின் மூன்றாம் படத்துக்கு ஹாக்ரிட்டின் குடிசையைப் போட்டதும் இங்கேதான்.

ஆனால் கிளென்கோ என்றால் ஸ்காட்லாந்தியருக்கு முதலில் நினைவு வருவது 1692. கவிழ்க்கப்பட்ட ஸ்டூவர்ட் அரசருக்கு விசுவாசமாக இருந்த குலத் தலைவர்கள், புதிய மன்னர் வில்லியமுக்கு அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதிக்குள் உறுதிமொழி தர வேண்டும் என்று கெடு. கிளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் கடைசி நேரத்தில் ஃபோர்ட் வில்லியம் போனார். உறுதிமொழி வாங்கும் அதிகாரம் தனக்கில்லை என்று அங்கிருந்த தளபதி அவரை இன்வரரேக்கு அனுப்பினார். பனியில் போய்ச் சேர்ந்து உறுதிமொழி தந்தபோது கெடு தாண்டி சில நாள் ஆகியிருந்தது. அரசுக்கு அது போதும்.

பிப்ரவரி தொடக்கத்தில் கேப்டன் ராபர்ட் கேம்ப்பெல் தலைமையில் சுமார் 120 படைவீரர்கள் கிளென்கோவுக்கு வந்தார்கள். மெக்டொனால்டுகள் அவர்களை வீடுவீடாகத் தங்கவைத்து, இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவான காலம் சோறு போட்டார்கள். 13ஆம் தேதி விடியுமுன்னே, மேலிடத்து ஆணைப்படி, விருந்துண்ட கைகளே துப்பாக்கியைத் தூக்கின. 38 பேர் கொல்லப்பட்டார்கள். எரியும் வீடுகளை விட்டுப் பனிமலையில் தப்பி ஓடியவர்களில் பலர் குளிரில் இறந்தார்கள். ஸ்காட்லாந்துச் சட்டத்தில், நம்பியவரைக் கொல்வது சாதாரணக் கொலையைவிடக் கொடிய குற்றமாக எண்ணப்பட்டது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொல்லி வளர்ந்த நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பல பேருந்துகளில் இதை மெக்டொனால்டு–கேம்ப்பெல் குலப்பகையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். கதை விறுவிறுப்பாக இருக்கும். அருகிலுள்ள கிளாகெய்க் விடுதியில், கேம்ப்பெல்களுக்கு அனுமதியில்லை என்ற பலகையைக் காட்டிச் சிரிக்கவும் வசதி. ஆனால் வந்தது அரசின் படை. ஆணைக்குப் பின்னால் இருந்தவர் ஸ்காட்லாந்துக்கான அமைச்சர் ஜான் டால்ரிம்பிள். மலைநாட்டை வழிக்குக் கொண்டுவர ஓர் அரசாங்கம் எடுத்த முடிவுகளில் ஒன்றைத்தான், நாம் பதினைந்து நிமிடம் நின்று பார்க்கிறோம்.

ஏழு தலைகளும் ஆட்டு மந்தையும்

ஃபோர்ட் வில்லியமில் மேகம் விலகினால் பிரிட்டனின் மிக உயர்ந்த மலையான பென் நெவிஸ் தெரியும். உயரம் 1,345 மீட்டர். நம் தொட்டபெட்டாவில் பாதிதான். பெரும்பாலான நாள்களில் மேகம் விலகுவதில்லை. அங்கிருந்து சாலை, ஸ்காட்லாந்தை மூலைவிட்டமாகக் கிழிக்கும் பெரும் பள்ளத்தாக்கில் போகிறது. ஆய்க் ஏரிக்கரையில் சாலையோரம் ஒரு கூம்புத் தூண். உச்சியில் வெட்டுண்ட ஏழு தலைகளின் சிற்பம். 1660களில் நடந்த ஒரு கொலைக்குப் பழிவாங்கி, கொலையாளிகள் ஏழு பேரின் தலையை இங்கிருந்த ஊற்றில் கழுவி கிளெங்கேரி தலைவரிடம் கொண்டுபோய் வைத்ததாகச் சொல்லும் சின்னம். ஆங்கிலம், கேலிக், பிரெஞ்சு, லத்தீன் என நான்கு மொழிகளில் கல்வெட்டு.

தூணை 1812இல் எழுப்பியவர் கிளெங்கேரியின் தலைவர் அலஸ்டேர் ரனால்ட்சன் மெக்டொனெல். உச்சி முதல் பாதம் வரை மலைநாட்டு உடையில் மிடுக்காக நிற்கும் அவருடைய ஓவியம், ஹென்றி ரேபர்ன் வரைந்தது, எடின்பரோவின் தேசிய ஓவியக் கூடத்தின் புகழ்பெற்ற படங்களில் ஒன்று. மெக்டொனெல், வால்டர் ஸ்காட்டின் நண்பர். ‘உண்மையான மலைநாட்டவர் சங்கம்’ என்று 1815இல் ஒன்றைத் தொடங்கியவர். பழைய குலப் பெருமையை இவரளவுக்குக் கொண்டாடியவர்கள் குறைவு. அதே கையோடு தன் நிலத்தில் இருந்த குடிகளை வெளியேற்றி ஆட்டுப் பண்ணைகளுக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். அவருடைய பெற்றோர் காலத்திலேயே தொடங்கிய வெளியேற்றம் இது. போனவர்கள் கடல் கடந்தார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் இன்றும் கிளெங்கேரி என்ற வட்டாரம் இருக்கிறது.

மலைநாடு முழுவதும் இதே கதை. பழைய முறையில் தலைவருக்கு வேண்டியது ஆள்பலம். அதனால் நிலத்தில் ஆட்களை வைத்துக்கொண்டார். கலோடனுக்குப் பிறகு ஆள்பலத்துக்கு வேலையில்லை. எடின்பரோவிலும் லண்டனிலும் வாழப் பணம் வேண்டியிருந்தது. தெற்கிலிருந்து வந்த செவியட் இன ஆட்டுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டால், நூறு குடிகள் தருவதைவிட அதிக வாடகை ஒரே ஆளிடமிருந்து வந்தது. சதர்லாந்து எஸ்டேட்டில் 1807 முதல் 1821 வரை ஆயிரக்கணக்கானோரை உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு விரட்டினார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவரில் வீடுகளுக்குத் தீ வைத்ததாகப் பண்ணை நிர்வாகி பேட்ரிக் செல்லர்மீது வழக்கு நடந்தது. 1816இல் விடுதலையானார். பிற்பாடு கம்பளி விலை விழுந்தபோது, ஆடுகள் போன இடத்தில் பணக்காரர்கள் வேட்டையாடும் மான்காடு வந்தது. ஆட்கள் திரும்பி வரவில்லை.

ஏரியில் இருப்பது

நெஸ் ஏரி இந்தப் பள்ளத்தாக்கின் வடகிழக்குக் கோடி. 37 கிலோமீட்டர் நீளம், ஆழம் சுமார் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள எல்லா ஏரிகளின் நீரையும் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரிக்கு ஈடாகாது. பீட் கரைந்து வருவதால் தேநீர் நிறம். சில மீட்டருக்குக் கீழே பார்வை போகாது. ஒரு பூதத்தை ஒளித்துவைக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

1933 மே மாதம் ‘இன்வெர்னஸ் கூரியர்’ பத்திரிகையில் வந்த ஒரு செய்தியோடு, நெஸ்ஸி என்று செல்லமாக அழைக்கப்படும் அந்த ஏரிப் பூதம் நவீன காலத்துக்குள் நுழைந்தது. அந்தச் சமயத்தில்தான் ஏரிக்கரையோரமாகப் போகும் சாலையைச் செப்பனிட்டிருந்தார்கள். ஏரியைப் பார்த்தபடி வண்டியில் போக வசதி வந்தது. அடுத்த ஆண்டு ‘டெய்லி மெயில்’ வெளியிட்ட நீண்ட கழுத்துப் புகைப்படம் உலகமெங்கும் போனது. அது பொம்மை நீர்மூழ்கியில் ஒட்டிய தலை என்பது 1990களில் அம்பலமானது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்து நீல் கெம்மெல் குழு ஏரி நீரில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை ஆராய்ந்து 2019இல் முடிவைச் சொன்னது: ஊர்வன இனத்தின் தடயம் இல்லை, விலாங்கு மீனின் மரபணு ஏராளம். படகுச் சவாரிக்கு இதனால் கூட்டம் குறையவில்லை.

ஏரியின் தென்கோடியில், ஃபோர்ட் அகஸ்டஸில், நிஜமாகவே நின்று பார்க்க ஒன்று இருக்கிறது. தாமஸ் டெல்ஃபோர்ட் வடிவமைத்த கலிடோனியன் கால்வாய் ஐந்து மதகுப் படிகளில் ஊருக்கு நடுவே இறங்குகிறது. 1803இல் தொடங்கி 1822இல் திறந்த வேலை. கடலுக்குக் கடல் 97 கிலோமீட்டர் நீர்வழி, 29 மதகுகள். கப்பல் வழி மட்டும் நோக்கமல்ல; மலைநாட்டவருக்கு வேலை கொடுத்து, ஊரைவிட்டுப் போகாமல் தடுப்பதும் அரசின் நோக்கம். கால்வாய் வந்தது. ஊரைவிட்டுப் போவது நிற்கவில்லை.

நாகப்பட்டினத்து வாசல்

பேருந்து நெஸ் ஏரியோடு திரும்பிவிடும். இன்னும் வடக்கே, இன்வெர்னஸைத் தாண்டி ஆல்னஸ் என்ற ஊருக்கு மேலே ஃபைரிஷ் குன்றின் உச்சியில் கல் வளைவுகளாக ஒரு கட்டடம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. பகல் பயணத்தில் சேராத இடம். தமிழர் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய இடம். நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயலில் அதைக் கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த தளபதி.

அதற்கு முந்தின ஆண்டு, காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்பு படைகளிடம் ஆங்கிலேயர் படுதோல்வி அடைந்தபோது, உதவிக்குப் போய்ச் சேராமல் காஞ்சிபுரத்துக் குளத்தில் பீரங்கிகளைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கியவரும் இதே மன்றோ. புள்ளலூரில் சிக்கியவர்களில் மெக்லவுட் பிரபுவின் மலைநாட்டுப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். கில்ட் ஊரில் குற்றமாகவும் பட்டாளத்தில் சீருடையாகவும் இருந்த காலத்து இளைஞர்கள் அவர்கள். ஊரில் நிலம் கைவிட்டுப் போகப் போக, பட்டாளம்தான் பலருக்குப் பிழைப்பு.

ஃபைரிஷ் கட்டடத்தை ஊர் ஏழைகளுக்கு வேலை கொடுக்கவே மன்றோ கட்டினார் என்பார்கள். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதென்று அவரே இரவில் கல்லை உருட்டிவிட்டதாகவும் உள்ளூரில் கதை உண்டு. 1792இல், அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஆட்டுப் பண்ணைக்காரர்களோடு உண்டான மோதலில் தொடங்கி, அந்த வட்டாரத்து மக்கள் ஆட்டு மந்தைகளைத் திரட்டி ஊரைவிட்டு ஓட்டிச் செல்ல முயன்றார்கள். பட்டாளம் வந்து அடக்கியது.

தமிழரோடு இந்தத் தொடர்பு அங்கே முடியவில்லை. இலங்கை மலையகத்தில் அகரபத்தனைப் பக்கம் பால்மோரல், கிளாஸ்கோ என்றும், தலவாக்கலையில் ஹோலிரூட் என்றும் தோட்டங்கள் இருக்கின்றன. 1867இல் லூல்கந்துரையில் வணிகத் தேயிலைக்கு வித்திட்ட ஜேம்ஸ் டெய்லர், ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பகுதியிலிருந்து போனவர். துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். லயங்களில் குடியேறியவர்கள் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். ஒரு மலையில் ஆட்களை அப்புறப்படுத்திய கணக்கும் இன்னொரு மலையில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய கணக்கும், ஏறக்குறைய ஒரே நூற்றாண்டின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

திரும்பும் சாலை

மாலையில் பேருந்து டிரமாக்டர் கணவாயைக் கடந்து, ஏ9 சாலையில் தெற்கே இறங்குகிறது. இந்தப் பக்கத்தில் ஆங்காங்கே பழைய கல் பாலங்கள் தென்படும். ஜெனரல் வேட் 1725 முதல் சுமார் 400 கிலோமீட்டர் சாலையும் நாற்பது பாலங்களும் போட்டார். படை விரைந்து போவதற்கான சாலைகள். பின்னாளில் ஆடு வந்ததும், வேட்டைக்காரர்கள் வந்ததும், கவிதை படித்தவர்கள் வந்ததும் அவற்றின் தடத்தில்தான்.

பிட்லாக்ரியில் ஐஸ்கிரீம், கம்பளிக் கடை, அணைக்கட்டு ஓரம் சால்மன் மீன்கள் ஏறிப்போகக் கட்டிய தொட்டிப் படிகள். பிறகு டங்கெல்ட், பெர்த், கடைசியாக ஃபோர்த் முகத்துவாரம். மூன்று நூற்றாண்டைச் சேர்ந்த மூன்று பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில்: 1890இன் சிவப்பு எஃகு ரயில் பாலம், 1964இன் தொங்கு பாலம், 2017இல் திறந்த புதிய பாலம்.

மலைநாடு இன்று உறைந்துபோன படமும் அல்ல. 1886இல் சிறு குத்தகைக் குடிகளுக்கு நிலப் பாதுகாப்பு தரும் சட்டம் வந்தது. 1993இல் அசிண்ட் பகுதிக் குடிகள் தங்கள் நிலத்தைத் தாங்களே விலைக்கு வாங்கினார்கள். 1997இல் எக் தீவு மக்களும் அப்படியே. ஊரார் சேர்ந்து நிலம் வாங்க வழிசெய்தது 2003இன் நிலச் சீர்திருத்தச் சட்டம். யார் நிலமானாலும் பொறுப்போடு நடந்து போகும் உரிமையும் அதில் உண்டு. அப்படியும் ஸ்காட்லாந்தின் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐநூறுக்கும் குறைவான உரிமையாளர்களிடம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒருகாலத்தில் பள்ளிக்கூடத்திலேயே ஒதுக்கப்பட்ட கேலிக் மொழிக்கு 2025இன் சட்டம் அதிகாரபூர்வத் தகுதி தந்திருக்கிறது. 2022 கணக்கெடுப்பில் கேலிக் ஓரளவேனும் அறிந்தவர்கள் 1.3 லட்சம் பேர்.

போகிறவர்களுக்கு

போகும்போது இடப்பக்க ஜன்னல். லுப்னைக் ஏரி, புவாகில் எட்டிவ் மோர், மூன்று சகோதரிகள் எல்லாம் அந்தப் பக்கம். கட்டணம் சீசனைப் பொறுத்துப் பொதுவாக 50 முதல் 70 பவுண்டு. ஏரிப் படகுக்குத் தனி. ஐம்பது பேர் போகும் பெரிய வண்டியைவிடப் பதினாறு பேர் போகும் சிறிய வண்டியில் கேள்வி கேட்க முடியும். அந்தக் கூடுதல் பணம் வீண் போகாது.

ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம். கூடவே கண்ணுக்கு எளிதில் தெரியாத, கடிக்கும் மிட்ஜ் பூச்சிக்கூட்டம். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். திரும்பும் பாதை முழுவதும் இருட்டுதான். மே, செப்டம்பர் நல்லது. எந்த மாதமானாலும் மழைச்சட்டை வேண்டும். குடையைக் கிளென்கோ காற்று திருப்பிப் போட்டுவிடும். சைவர்களுக்குப் பருப்பும் ஓட்ஸும் சேர்த்த ஹாகிஸ் எங்கும் கிடைக்கிறது.

ஒன்று மட்டும் கணக்கில் வையுங்கள். பகல் பயணத்தில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி எடின்பரோவிலேயே தங்கிவிடுகிறது. மலைநாட்டுக்குக் கிடைப்பது ஒரு கோப்பை சூப்பின் விலையும் சாலை நெரிசலும்தான். ஆட்கள் நிலைத்து வாழ வழியில்லாமல் போன இடத்தில், இளைஞர்கள் இருந்து பிழைக்க உதவுவது இரவு தங்கும் விருந்தாளிகள். முதல் முறை பேருந்தில் போய் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள். முடிந்தால் அடுத்த முறை ரயிலேறி ரன்னாக் மூரைக் கடந்து, ஃபோர்ட் வில்லியமிலோ கிளென்கோவிலோ இரண்டு இரவாவது தங்குங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் விடுதியாகப் பார்த்து.